கடலோரத்தை மக்களே நிர்வகிப்பது நடக்கிற காரியமா? டர்பன் கரைவலைக் குடும்பத்திலிருந்து வந்த ஒரு கேள்விக்குப் பதில்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். மாமனார் தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் இந்தியர் குடியிருப்பான சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறார். அவருடைய அப்பா, தாத்தா எல்லோரும் டர்பன் கரையில் கரைவலை இழுத்தவர்கள். இப்போது சிறுதொழில் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் சேரச் சொல்லி வீட்டுக்கு ஆள் வந்திருக்கிறது. "இனிமேல் கடலோர வளத்தை நீங்களேதான் நிர்வகிக்கப் போகிறீர்கள்" என்கிறார்களாம். கூட்டத்துக்குக் கூடவே வந்து குறிப்பெடுக்கச் சொல்லி மாமனார் உங்களைக் கூப்பிடுகிறார். இது உண்மையாகவே மீனைக் காப்பாற்றுமா, இல்லை வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குகிற வேலையா என்பது உங்கள் சந்தேகம். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மக்கள் பங்கேற்றால் வளம் மீளுமா என்பது ஒன்று. அதில் உங்கள் மாமனாருக்கு என்ன கிடைக்கும் என்பது மற்றொன்று. கூட்டங்களில் இரண்டையும் ஒன்றாகக் குழைத்துத்தான் பேசுவார்கள். நீங்கள் பிரித்தே வைத்துக்கொள்ளுங்கள்.

நான் தூத்துக்குடியில் மீன்வளம் படித்தவன். இங்கே வந்தபின் டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணக் கரையில் பாறைச் சிப்பி, தூண்டில் மீன் கணக்கெடுப்பு வேலைகளில் பல வருடம் ஓடிவிட்டது. உயிரியல் பக்கம் கொஞ்சம் உறுதியாகப் பேசுவேன். சட்டத்தில், தீர்ப்புகளைப் படித்துத் தெரிந்துகொண்ட அளவுக்குத்தான். சங்கத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

மக்கள் பங்கேற்பு பலன் தந்ததற்கு இந்த மாகாணத்திலேயே நல்ல உதாரணம் சோகுலு. ரிச்சர்ட்ஸ் பே நகருக்கு வடக்கே, மாபெலானே பக்கம் இருக்கிற சூலு ஊர். அங்கே பெண்கள்தான் பெரும்பாலும் பாறைச் சிப்பி எடுப்பார்கள். வீட்டுச் சாப்பாட்டுக்கு அது முக்கியமான புரதம். ஆனால் அன்றைய சட்டப்படி அவர்கள் திருடர்கள். அன்று சட்டத்துக்குத் தெரிந்தது இரண்டே வகை: கம்பெனிக்காரர், பொழுதுபோக்குக்காரர். அதனால் பூங்காக் காவலர் கண்ணில் படாமல் இரவில் போய் எடுத்தார்கள். இருட்டில், அலைக்கும் காவலருக்கும் பயந்துகொண்டு எடுக்கும்போது யாரும் பார்த்துப் பொறுக்கமாட்டார்கள். வெட்டுக்கத்தியை வைத்துப் பாறையோடு ஒரே சீவு, கிடைத்ததைச் சாக்கில் போட்டுக்கொண்டு ஓட்டம்.

இந்தச் சீவல்தான் பிரச்சினையின் மையம். பாறைச் சிப்பி தனித்தனியாக ஒட்டியிருப்பதில்லை. மெல்லிய நார்களால் பாறையையும் பக்கத்துச் சிப்பியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மெத்தை மாதிரி பரவி வளரும். அந்த மெத்தையின் இடுக்குகளில்தான் அடுத்த தலைமுறைக் குஞ்சுகள் வந்து தங்கும். கத்தியால் சீவினால் குஞ்சும் போகும், குஞ்சு தங்கும் இடமும் போகும். வழித்துப்போன இடத்தின் ஓரங்களை அலை பிய்த்துப் பள்ளத்தை இன்னும் பெரிதாக்கும். வெறும் பாறையில் வேறு பாசிகள் குடியேறிவிட்டால் சிப்பி திரும்பி வர வருடக்கணக்காகும்.

1995இல் அன்றைய நட்டால் பூங்கா வாரியம் ஊரோடு உட்கார்ந்து பேசத் தொடங்கியது. சிப்பி எடுப்பவர்களும் வாரிய ஆட்களும் சேர்ந்த கூட்டுக் குழு ஒன்று அமைந்தது. எனக்குப் பிடித்தது அதற்கப்புறம் நடந்தது. "இவ்வளவுதான் எடுக்கலாம்" என்று விஞ்ஞானிகள் வந்து அறிவித்துவிட்டுப் போகவில்லை. பாறையில் பகுதிகளைக் குறித்து, ஒன்றில் அதிகமாக, ஒன்றில் குறைவாக எடுத்துப் பார்த்தார்கள். எடுத்ததும் அளந்ததும் அந்த ஊர்க்காரர்களையும் சேர்த்துக்கொண்டுதான். எந்தப் பகுதி தேறுகிறது, எது தேறவில்லை என்பதை அவர்கள் கண்ணாலேயே பார்த்தார்கள். வெட்டுக்கத்தி போய் ஸ்குரூடிரைவர் வந்தது. கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் ஸ்குரூடிரைவர் நுனியை நடுவில் நுழைத்து நெம்பினால் பெரிய சிப்பி ஒன்று மட்டும் கழன்று வரும், சுற்றியிருக்கும் சின்னவை அப்படியே நிற்கும். பொழுதுபோக்குக்காரர்களுக்குத் தனிப் பகுதி, ஊர்க்காரர்களுக்குத் தனிப் பகுதி என்று பிரித்தார்கள். எடுப்பதைக் கணக்கெழுத ஊரிலிருந்தே ஆட்களைச் சம்பளத்துக்கு வைத்தார்கள். இரவில் ஒளிந்து எடுத்தவர்கள் அனுமதிச் சீட்டோடு பகலில் எடுக்க வந்தார்கள்.

இதில் எது உறுதி, எது சந்தேகம் என்று கேட்டால்: பறிக்கும் முறை மாறியதும் மோதல் குறைந்ததும் உறுதி. கத்தியை விட ஸ்குரூடிரைவர் பாறைக்கு நல்லது என்பதும் உறுதி. சிப்பி எண்ணிக்கையில் தெரிந்த மாற்றம் முழுவதையும் நிர்வாகத்தின் கணக்கில் எழுதுவதுதான் கஷ்டம். ஒவ்வொரு வருடமும் கடலிலிருந்து வந்து ஒட்டும் குஞ்சுகளின் அளவு தாறுமாறாக மாறும். நல்ல வருடம் ஒன்று வந்தால் மோசமான நிர்வாகம்கூடக் கெட்டிக்காரத்தனமாகத் தெரியும். இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். சோகுலுவில் திட்டத்துக்குப் பணம் இருந்தது, வருடக்கணக்கில் அங்கேயே கிடந்து வேலை செய்த ஆட்கள் இருந்தார்கள். அந்தச் செலவையும் பொறுமையையும் விட்டுவிட்டு, குழுவை மட்டும் நகலெடுத்து வேறு ஊரில் ஒட்டினால் அதே பலன் வரும் என்று எனக்கு நம்பிக்கையில்லை.

சோகுலுவில் கைகொடுத்த முக்கியமான விஷயம், சிப்பி நகராது என்பது. இன்று விட்டுவைத்ததை நாளை அதே பாறையில் வந்து எடுக்கலாம். இப்போது உங்கள் மாமனாரின் தொழிலுக்கு வருவோம். கரைவலைக்காரர் ஆண்டு முழுக்க ஏங்குவது ஜூன், ஜூலையில் வரும் சாளைக்குத்தான். உங்களுக்கே தெரிந்திருக்கும், சுறாத் தடுப்பு வாரியம் விமானத்தில் பார்த்துக் கூட்டம் வருகிறது என்று சொன்னதும் டர்பன் பாதி கரையில் நிற்கும். வாரியம் சுறா வலைகளை எடுத்துவிடும். படகு வலையை வளைத்துப் போட்டுத் திரும்ப, கரையில் இரண்டு பக்கமும் ஆட்கள் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் நடப்பார்கள். மடி கரையேறும்போது வேடிக்கை பார்க்க வந்த ஆயாக்களும் கூடையோடு தண்ணீரில் இறங்கிவிடுவார்கள். முதல் கூடைகள் யானை விலை போகும், மீன் குவியக் குவிய விலை சரியும்.

இந்தச் சாளையை டர்பன் ஊரால் நிர்வகிக்க முடியுமா? முடியாது. 2021இல் வந்த மரபணு ஆய்வின்படி, இங்கே ஓடி வரும் சாளைக் கூட்டம் பெரும்பாலும் நாட்டின் மேற்குப் பக்கத்துக் குளிர்க் கடலைச் சேர்ந்த வம்சம். கரையோரம் குளிர்ந்த நீர் ஏறி வரும் நாட்களில் அதைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்து மாட்டிக்கொள்கிறது. மொத்த இருப்பில் இங்கே வருவது சிறு பங்குதான். சாளையின் தலையெழுத்தைத் தீர்மானிப்பது நாட்டின் தென்மேற்கே உள்ள கேப் பக்கத்துக் கடலின் வெப்பமும், அங்கே பெரிய படகுகளுக்குத் தேசிய அளவில் விதிக்கும் வருடாந்தர உச்சவரம்பும். டர்பனில் நூறு கூட்டம் போட்டுக் கட்டுப்பாடு எழுதினாலும் அடுத்த வருடம் வரும் சாளை அதனால் கூடாது. வலைகளுக்குள் முறை வைப்பது, யார் எங்கே வளைப்பது, சண்டை வராமல் பார்ப்பது, இதெல்லாம் ஊர் செய்யக்கூடிய வேலை, செய்யவும் வேண்டும். அதை "வளத்தை நிர்வகிப்பது" என்று யாராவது சொன்னால் மட்டும் கொஞ்சம் கேள்வி கேளுங்கள்.

சிப்பிக்கும் சாளைக்கும் நடுவில் இருப்பது ஷாட். பாறையோரத்தில் தூண்டிலில் பிடிபடும் மீன், நம் வீடுகளில் குழம்புக்கு அதற்கு நிகர் கிடையாது. 1970களில் அது குறைந்தபோது கட்டுப்பாடு மேலிருந்துதான் வந்தது. இன்று நாளுக்கு 4 மீன், குறைந்தது 30 சென்டிமீட்டர், அக்டோபர், நவம்பர் முழுத் தடை. ஷாட் நன்றாகவே மீண்டது. ஆகவே ஊர் சேர்ந்தால்தான் மீன் மீளும் என்று நான் சொல்லமாட்டேன், சில சமயம் நேரடியான, எல்லோருக்கும் புரிகிற ஒரு தடையே போதும். தமிழ்நாட்டில் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு இருக்கும் 61 நாள் தடையும் இந்த வகைதான். ஒரே தேதி, எல்லோருக்கும் ஒரே விதி, துறைமுகத்தில் நின்று பார்த்தாலே மீறியது யார் என்று தெரிந்துவிடும்.

சரி, சட்டப் பக்கம். 1998இன் கடல்வாழ் வளச் சட்டம்தான் பிழைப்புக்காக மீன் பிடிப்பவர் என்று ஒரு வகை உண்டு என்பதையே முதலில் ஒப்புக்கொண்டது. ஆனால் உரிமை பங்கிட்டபோது சிறிய மீனவர்கள் விடுபட்டுப் போனார்கள். 2004இல் கேப் பக்கத்து மீனவர்கள் வழக்குப் போட்டார்கள். 2007இல் அவர்களுக்கு இடைக்கால நிவாரணமும், புதிய கொள்கை எழுத வேண்டும் என்ற உத்தரவும் கிடைத்தன. அதிலிருந்து வந்ததுதான் 2012இன் சிறுதொழில் மீன்பிடிக் கொள்கை. உரிமையைத் தனி ஆளுக்குத் தராமல் சமூகத்துக்குத் தருவது, சமூகம் கூட்டுறவுச் சங்கமாகப் பதிவாக வேண்டும், ஒரே மீனுக்குப் பதில் பல வகை மீன்களுக்குச் சேர்த்து அனுமதி, உரிமைக் காலம் 15 ஆண்டு. உங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் பேசுவது இந்தக் கொள்கையின் தொடர்ச்சியைத்தான்.

இதில் உங்கள் மாமனாருக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு வரி இருக்கிறது. அந்த 1998 சட்டத்துக்குப் பிறகு வந்த திருத்தத்தில் சிறுதொழில் மீனவர் சமூகம் என்பதை விளக்கும் இடத்தில், பலவந்தமாக அப்புறப்படுத்தப்பட்டிருக்காவிட்டால் அந்தக் கடற்பகுதியோடு பிணைந்திருக்கக்கூடியவர்களையும் சேர்த்திருக்கிறார்கள். ஒப்பந்தக் கூலி முடிந்து வெளியே வந்த நம் ஆட்கள் டர்பன் வளைகுடாவில் சாலிஸ்பரி தீவில் குடிசை போட்டு மீன் பிடித்தார்கள், கருவாடு போட்டுக் கரும்புத் தோட்டங்களுக்கு விற்றார்கள். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் கடற்படைக்காக அங்கிருந்து கிளப்பினார்கள். பிறகு எந்த இனத்தார் எங்கே வாழலாம் என்று பிரித்த இனவாரிப் பகுதிச் சட்டம் வந்து, கரையோரம் மிச்சமிருந்தவர்களையும் கடலே தெரியாத சாட்ஸ்வொர்த்துக்குத் தள்ளியது. இன்று யாராவது "கரையிலிருந்து இவ்வளவு தூரத்தில் இருக்கிறீர்களே, நீங்கள் எப்படி மீனவர் சமூகம்?" என்று கேட்டால், அதற்குப் பதில் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கூட்டத்துக்கு எடுத்துப் போங்கள்.

சமூகம் என்றால் யார் என்பதில்தான் இந்த நாட்டில் பெரிய வழக்குகள் எல்லாம் முட்டி நின்றிருக்கின்றன. கிழக்கு கேப்பில் த்வேசா-க்வேபே என்று ஒரு காட்டுப் பகுதி. 2000இல் அதன் கடற்பகுதியில் மீன் பிடிக்கவே கூடாது என்று அறிவித்தார்கள். மறுவருடம், 2001இல், நில மீட்பு ஒப்பந்தத்தில் அந்த நிலம் அங்கிருந்த ஊர்க்காரர்களுடையதுதான் என்று திருப்பித் தந்தார்கள். நிலம் கையில், எதிரே இருக்கிற கடலில் கால் வைத்தால் குற்றம். 2010இல் அங்கே தூண்டிலோடு பிடிபட்டவர்களின் வழக்கு 2018 வரை போய், மேல்முறையீட்டு உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. அவர்கள் வழக்காறுப்படி மீன் பிடிக்கும் உரிமை உடையவர்கள், அந்த உரிமையை 1998 சட்டம் அழித்துவிடவில்லை என்றது தீர்ப்பு. நான் அதில் கவனித்த விஷயம் ஒன்று உண்டு. அந்த ஊர்களுக்கு எங்கே, எப்போது, எதைப் பிடிக்கலாம் என்று சொந்தக் கட்டுப்பாடுகள் இருந்தன என்பதும் உரிமைக்குச் சாட்சியாக நின்றது. கட்டுப்பாடு உள்ள வழக்கம் நீதிமன்றத்தில் எடுபடுகிறது.

ஷெல் எண்ணெய்க் கம்பெனி வழக்கும் அப்படித்தான். கிழக்கு கேப்பின் வைல்ட் கோஸ்ட் கடலில் நில அதிர்வு அலை விட்டு எண்ணெய் தேட அனுமதி வாங்கியிருந்தார்கள். மக்களிடம் கலந்து பேசினோம் என்று காட்டியது என்ன தெரியுமா? ஆங்கிலத்திலும் ஆஃப்ரிகான்ஸிலும் பத்திரிகை விளம்பரம், அரசர்களோடும் தலைவர்களோடும் சந்திப்பு. அந்தக் கரையில் பேசுவது கோசா. 2021 டிசம்பரில் தடை வந்தது, 2022 செப்டம்பரில் அனுமதியே செல்லாது என்றானது. 2024இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்தக் குறையை உறுதி செய்தது, ஆனால் கம்பெனி அனுமதியைப் புதுப்பிக்கக் கேட்டிருந்த விண்ணப்பத்துக்கு ஒரு வாசல் திறந்துவிட்டது. ஊர்ப் பெரியவரிடம் பேசினால் ஊரிடம் பேசியதாகாது என்பதை நீதிபதிகள் எழுத்தில் போட்டுவிட்டார்கள். இது கம்பெனிக்கு மட்டும் பொருந்துகிற விஷயமில்லை. நம் சங்கங்களிலும் தலைவர், செயலாளர், அவர் மச்சான் மூன்று பேர் பேசிவிட்டு "மக்கள் ஒப்புக்கொண்டார்கள்" என்று எழுதுவது புதிதா என்ன?

ஊருக்குள்ளேயே ஒரு மனது கிடையாது என்பதை நாகப்பட்டினம் பக்கம் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பட்டினவர் என்ற மீனவச் சமூகத்தின் ஊர்ப் பஞ்சாயத்து அபராதம் போடும், இன்ன வலை கூடாது என்று தீர்மானம் போடும், அதை மீறிக் கடலுக்குப் போக ஆளுக்குத் தைரியம் வராது. அவ்வளவு வலுவான அமைப்பே, மீன் கூட்டத்தையே வளைத்து அள்ளும் சுருக்குமடி வலை விவகாரத்தில் இரண்டாக உடைந்தது. 2000இலேயே மாநில அரசு தடை செய்த வலை, உச்ச நீதிமன்றம் வரை போய் 2023இல் நிபந்தனைகளோடு அனுமதி வாங்கியது. நடுவில் கடலில் எத்தனை அடிதடி. வலைக்குப் பணம் போட்டவருக்கு ஒரு நியாயம், பக்கத்து ஊரில் சின்ன வலை வைத்திருப்பவருக்கு ஒரு நியாயம். அந்தப் பஞ்சாயத்துகளில் பெண்களுக்கு இடமே இருந்ததில்லை, மீனை விற்றுக் காசாக்குவது அவர்களாக இருந்தும். இங்கே சங்கத்தில் சாளைக் கூடை விற்கிற, சிப்பி எடுக்கிற பெண்கள் உறுப்பினர் பட்டியலில் இருக்கிறார்களா என்று பாருங்கள்.

பணம் பெரிதானால் என்ன ஆகும் என்பதற்கு கேப்பின் அபலோனி ஒரு பாடம். அங்கே பெர்லெமுன் என்பார்கள், பாறையில் ஒட்டியிருக்கும் பெரிய கடல்நத்தை, ஹாங்காங்கில் தங்க விலை. ஊர் ஊராகப் பகுதி பிரித்துக் கொடுத்து, அவரவர் பகுதியை அவரவர் காப்பார்கள் என்று எதிர்பார்த்தார்கள். அதுவும் நகராத உயிர்தான், சோகுலு மாதிரியே நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை. கடத்தல் கும்பல்கள் உள்ளே வந்துவிட்டன, 2008இல் மீன்பிடியையே மூடி 2010இல்தான் மறுபடி திறந்தார்கள். துப்பாக்கியோடு வருகிறவனை ஊர்க் கண்காணிப்பாளர் நோட்டுப் புத்தகத்தோடு தடுக்க முடியாது. வெளியாளைத் தடுக்கும் பலத்தை அரசு தராமல் பொறுப்பை மட்டும் ஊர் தலையில் வைத்தால் இதுதான் கதி. டர்பனுக்கும் இது பொருந்தும், வேறு வகையில். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கழிவுநீர் நிலையங்கள் உடைந்து கடற்கரைகளை மூடினார்களே, அதை எந்த மீனவர் சங்கம் நிர்வகித்திருக்க முடியும்? துறைமுகத் தூண்பாலங்களில் தூண்டில் போடப் பாதுகாப்புக் காரணம் சொல்லித் தடுத்ததும் அப்படித்தான். மீன் குறைந்ததற்கு மீனவனை மட்டும் அளவெடுக்கும் கூட்டமென்றால், இந்த இரண்டையும் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஆக, மாமனார் சேரலாமா? என் கருத்து, சேரட்டும். வெளியே நின்றால் 15 ஆண்டு உரிமையில் அவர் பெயர் இருக்காது, அவ்வளவுதான். ஆனால் கூட்டத்தில் சில விஷயங்களை வாய்மொழியாக விடாமல் எழுத்தில் கேளுங்கள். உரிமைப் பட்டியலில் எந்தெந்த மீன்? கரைவலை அதில் அடக்கமா, அதற்கு இப்போதிருக்கும் தனி அனுமதி தொடருமா? அளவை மாற்றும் முடிவில் சங்கத்துக்கு ஓட்டு உண்டா, இல்லை ஆலோசனை மட்டும்தானா? பிடித்ததைச் சங்கம் மூலமாகத்தான் விற்க வேண்டுமா, விற்ற பணம் யார் கணக்கில் போய் எத்தனை நாளில் கைக்கு வரும்? கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் வராத சங்கங்கள் மீன் தீரும் முன்பே சண்டையில் தீர்ந்துபோகும். தகுதிச் சரிபார்ப்பில் பத்து வருடமாகத் தொழிலில் இருந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். மேற்கு கேப்பில் இந்தச் சரிபார்ப்பு தாறுமாறாக நடந்து, 2021இல் நீதிமன்றமே முழுவதையும் ரத்து செய்து மறுபடி நடத்தச் சொன்னது. அதனால் பட்டியலில் பெயர் வந்துவிட்டது என்று நிம்மதியாகவும் இருக்காதீர்கள், விடுபட்டுவிட்டது என்று விட்டுவிடவும் வேண்டாம்.

நீங்கள் குறிப்பெடுக்கப் போகிறவர் என்பதால் இன்னொரு வேலை. வீட்டில் பழைய அனுமதிச் சீட்டு, அபராத ரசீது, ஏல விற்பனைச் சீட்டு, வலையோடு நிற்கும் புகைப்படம் எது இருந்தாலும் தேதி போட்டு ஒரு கோப்பில் சேருங்கள். அபராத ரசீதுகூடத் தொழிலில் இருந்ததற்குச் சாட்சிதான். அப்புறம் இந்த சாளைக் காலத்திலிருந்து மாமனாருக்கு ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். தேதி, இடம், எத்தனை தடவை வலை போட்டார், எத்தனை கூடை, கூட வந்த மற்ற மீன் என்ன, காற்று எந்தப் பக்கம். ஒன்றுமே படாத நாளையும் எழுத வேண்டும். பட்ட நாளை மட்டும் எழுதிய நோட்டு கணக்கெடுப்புக்கு உதவாது.